தாளில் படித்துப் பழகியவருக்கு மின்னூல் ஒட்டவில்லை என்றால் எங்கெங்கே சரிசெய்வது?

கேள்வி: "வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம். வெளிநாட்டில் இருக்கும் மகள் கிண்டில் என்ற மின்னூல் கருவி ஒன்றை வாங்கித் தந்திருக்கிறாள். பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை, கண் சலித்துவிடுகிறது. படித்தது நினைவில் நிற்க மாட்டேன் என்கிறது. சில நூல்களில் எழுத்து சிதறிக் கிடக்கிறது. பழைய புத்தகங்களின் பிடிஎஃப் எறும்பு ஊர்வது மாதிரி தெரிகிறது. மழைக்காலத்தில் அலமாரியில் பூஞ்சை பிடிப்பதால் இனி இதற்கே மாறிவிடு என்கிறார்கள் பிள்ளைகள். எப்படிப் பழகுவது? இருக்கும் புத்தகங்களைக் கொடுத்துவிடலாமா?" கேட்டவர் தக்கலையில் இருக்கும், ஓய்வுபெற்ற தமிழாசிரியை.

டீச்சர், நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதிக்கு மேல் உங்கள் பழக்கத்தைச் சேர்ந்தவையே அல்ல. எழுத்து சிதறுவதும் எறும்பாகத் தெரிவதும் கோப்பின் கோளாறு. பத்துப் பக்கத்தில் கண் சலிப்பது பெரும்பாலும் கருவியின் அமைப்பைச் சரியாக வைக்காததால் வருவது. நினைவில் நிற்காதது ஒன்றுதான் உண்மையிலேயே பழக்கம் சார்ந்தது. மின்னூல் தனக்கு ஒத்துவராது என்று கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறவர்களில் பலர் படித்துப் பார்த்தது மோசமான கோப்பைத்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தை அப்படியே உறையவைத்த வடிவம். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமும் கூடவே பெரிதாகித் திரைக்கு வெளியே ஓடும். ஆறு அங்குலக் கருவியின் திரை ஏறக்குறைய 3.6 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். நம் பதிப்பகங்கள் பெரும்பாலும் அச்சிடும் டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் 5.5க்கு 8.5 அங்குலம். முழுப் பக்கமும் தெரியும்படி வைத்தால் எழுத்து ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். கோப்பு ஏ4 அளவில் இருந்தால் இன்னும் மோசம்: 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். அதை யாராலும் படிக்க முடியாது. உங்கள் கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டாம்.

இதற்கு மூன்று வழி உண்டு. கையிலிருக்கும் கருவியிலேயே உடனே செய்யக்கூடியது, பிடிஎஃபைத் திறந்து, திரையை மேலே தட்டி, எழுத்து அமைப்புக்கான பொத்தானில் போய்ப் பக்கத்தைக் கிடைமட்டமாக வைப்பது. கூடவே ஓரத்தை வெட்டும் வசதியையும் போட்டுவிடுங்கள். டெம்மிப் பக்கத்தின் எழுத்துப் பகுதி ஓரம் போக 4 அங்குல அகலம்தான் வரும். கிடைமட்டத்தில் திரையின் அகலம் 4.8 ஆகிவிடுவதால் எழுத்து அச்சிலிருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கம் மூன்று துண்டாக வரும், அவ்வளவுதான். இரண்டாவது, கணினியில் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல். ஸ்கேன் செய்த பக்கத்தில் சொற்களைப் படத்துண்டுகளாக வெட்டி, சிறிய திரைக்கு ஏற்றபடி வரிகளை மறுபடி அடுக்கித் தரும். சொற்களைப் படமாகவே கையாள்வதால் பழைய தமிழ் அச்சுக்கும் உதவும். மூன்றாவது, ஸ்கேன் நூல்களுக்கு மட்டும் 10 அல்லது 11 அங்குல டேப்லெட்டை வைத்துக்கொள்வது. பழைய நூல்களை அதிகம் தேடுகிறவர் என்றால் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆறு அங்குலக் கருவியோடு ஸ்கேன் பிடிஎஃபை மல்லுக்கட்ட வைப்பது நேர விரயம்.

நாவல், கட்டுரை போன்ற தொடர் வாசிப்புக்கு ஈபப் வடிவத்தையே தேடுங்கள். அதில் எழுத்தின் அளவை மாற்றினால் வரிகள் தாமாகவே புதிதாக ஒழுங்குபட்டுக்கொள்ளும். 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு முதல் இணைப்பை அழுத்தினால் ஏ4 வந்து நிற்கும், பார்த்து எடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை தட்டச்சு செய்த பாடமாகவே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் பிரதிகள். அவற்றை டேப்லெட்டுக்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்கு இந்தியாவில் காப்புரிமைத் தடை இல்லை. 1954இல் மறைந்த நம் தேரூர்க் கவிமணியின் பாடல்களை நீங்கள் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூல்களை விலைக்கே வாங்குங்கள். 2016 டிசம்பரிலிருந்து கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாகக் கிடைக்கின்றன. நாகர்கோவிலில் இருக்கும் காலச்சுவடின் வெளியீடுகள் பலவும் அங்கே உண்டு. வாங்குமுன் மாதிரிப் பக்கங்களை இலவசமாக இறக்கிப் பார்த்துவிடுங்கள். எழுத்துப்பிழையும் உடைந்த பத்தியும் மலிந்த மின்பதிப்பு என்றால் அதிலேயே தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து எடுத்த ஈபப்பைக் கிண்டிலில் ஏற்றும் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கேபிளை மாட்டி ஈபப்பை நேராகப் போட்டால் கிண்டில் அதைக் காட்டவே காட்டாது. 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசான் பக்கத்தில் உங்கள் கணக்கோடு நுழைந்து கோப்பை இழுத்துவிட வேண்டும், அல்லது கருவிக்கென்று இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பும்போது, நீங்கள் அனுப்பும் முகவரி அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நூல் வந்து சேராது. கருவி வைஃபையில் இருந்தால்தான் இறங்கும். வீட்டில் வைஃபை இல்லையென்றால் மொபைலின் ஹாட்ஸ்பாட் போதும். ஒரு நாவல் பெரும்பாலும் சில எம்பிக்குள் அடங்கிவிடும்.

இனி, எழுத்துச் சிதைவு. மூன்று விதமாக வரும், மூன்றுக்கும் காரணம் வேறு. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் கருவிக்கு அங்கே தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள். கோப்பில் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் எழுத்துருத் தேர்வு தடுமாறும். காலிபர் என்ற இலவச மென்பொருளில் நூலைச் சேர்த்து, மெட்டாடேட்டா எனப்படும் நூல் விவரப் பகுதியில் மொழியைத் தமிழ் என்று மாற்றி, ஈபப்பிலிருந்து ஈபப்புக்கே ஒருமுறை மாற்றி அனுப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இறக்கி, கேபிள் வழியாகக் கிண்டிலின் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையில் போட்டு, படிக்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தால், அந்த நூல், எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானது. பிடிஎஃபில் அழகாகத் தெரிந்திருக்கும், ஈபப்பாக மாற்றியதும் உடைந்துவிடும். எந்தக் கருவி வாங்கினாலும் இது சரியாகாது. உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யுனிகோடாக்கினால்தான் உண்டு. கொம்பும் புள்ளியும் மட்டும் விலகி, நடுவே புள்ளிகளாலான வட்டம் தெரிந்தால், தட்டச்சு செய்தவரோ மாற்றியோ எழுத்து வரிசையைக் குழப்பியிருக்கிறார்கள். அந்தக் கோப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு பிரதி தேடுவதே நல்லது. வரி பாதியில் முறிந்து அடுத்த வரி பத்தியாகத் தொடங்குவது பிடிஎஃபை ஈபப்பாக மாற்றியதால் வரும் சேதம். காலிபரில் மாற்றும்போது ஹியூரிஸ்டிக் பகுதியை இயக்கி, வரிகளை இணைக்கும் வசதியைப் போட்டால் ஓரளவு சேரும்.

கண் சலிப்புக்கு வருவோம். கிண்டிலில் இருக்கும் மின்தாள் திரை மொபைல் திரை போலக் கண்ணை நோக்கி ஒளியை வீசுவதில்லை. நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மின்புலத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன. வெளியொளி பட்டுத் திரும்பித்தான் நாம் படிக்கிறோம், தாளில் படிப்பது போலவே. விளிம்பிலிருந்து வரும் விளக்கு கூடுதல் வசதி மட்டும். பலர் அதை உச்சத்தில் வைத்துக்கொண்டு கண் எரிகிறது என்கிறார்கள். கிண்டிலில் அது 0 முதல் 24 வரை நகரும். பகலில் சன்னலோரம் உட்கார்ந்தால் 0 போதும். மாலையில் அறை விளக்கைப் போட்டுக்கொண்டு 5 முதல் 8க்குள் வையுங்கள். இருட்டில் திரை வெளிச்சத்தை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். கிண்டிலின் பேப்பர்வைட் வகையில் மஞ்சள் சாயல் கூட்டும் வசதியும் உண்டு, இரவில் அது இதமாக இருக்கும்.

எழுத்தளவை எல்லோரும் தேவைக்கு மேல் பெரிதாக்கிவிடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில் எழுத்தை மிகப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். கண் ஒவ்வொரு கணமும் வரி தாவ வேண்டியிருக்கும், அதுவே சலிப்பு. வரிக்கு நான்கைந்து சொல் வருமளவுக்கு வைத்து, அது தெளிவாகத் தெரியாவிட்டால் கண்ணாடியைச் சோதித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை எட்டிப் பிடித்துப் படித்துப் பழகியவர்களுக்குக் கண்புரை தொடங்கியிருப்பதும் இப்படித் தெரியவரலாம். அடுத்தது, இருபக்கமும் சீராக வரி நிரப்பும் அமைப்பை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். நீளச் சொல் அடுத்த வரிக்குப் போகும்போது எஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் ஓடை ஓடுவது அதோடு நின்றுவிடும். இந்த ஒரு மாற்றத்தால் தமிழ் வாசிப்பு எவ்வளவு இலகுவாகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள். எல்லாக் கோப்புக்கும் கருவியில் அந்த வசதி வராது. வராவிட்டால் காலிபரில் மாற்றும்போதே இடச்சீர் என்று கொடுத்துவிடலாம். முந்தைய பக்கத்தின் நிழல் மங்கலாகத் தங்குகிறதென்றால், வாசிப்பு அமைப்பில் பக்கத்துக்குப் பக்கம் திரையைப் புதுப்பிக்கும் பொத்தானை இயக்குங்கள்.

நினைவு பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதைக் கற்பனை என்று ஒதுக்க மாட்டேன். நார்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கனும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 50 பேரில் ஒரு பாதிக்கு 28 பக்கத் துப்பறியும் கதையை அச்சிலும் மறுபாதிக்குக் கிண்டிலிலும் கொடுத்துப் பார்த்தார்கள். கதையைப் புரிந்துகொண்டதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எந்த நிகழ்ச்சி எதற்குப் பின் நடந்தது என்று வரிசைப்படுத்துவதில் அச்சில் படித்தவர்கள் மேலாக இருந்தார்கள். இடக்கைப் பக்கம் இத்தனை கனம், வலக்கைப் பக்கம் இத்தனை கனம் என்று விரல் தரும் தகவல் கருவியில் இல்லை. 'அந்த வரி இடப்பக்கத்துக் கீழ்மூலையில் இருந்தது' என்று நீங்கள் பாடம் நடத்திய காலம் முழுக்கத் தேடி எடுத்திருப்பீர்கள். மின்னூலில் எழுத்தளவை மாற்றினால் அந்த மூலையே வேறெங்கோ போய்விடும்.

ஆகவே ஒரு நூலைத் தொடங்கினால் முடியும்வரை எழுத்தளவையும் எழுத்துருவையும் தொடாதீர்கள். பக்கங்களின் உருவம் நிலைபெறும், இட நினைவும் ஓரளவு திரும்பும். தொடங்குமுன் பொருளடக்கத்தைத் திறந்து இத்தனை அத்தியாயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரையின் அடியில் 'அத்தியாயம் முடிய இத்தனை நிமிடம்' என்று வருவதை அணைத்துவிடுங்கள். அது வாசகரை விரட்டும். அதன் இடத்தில் நூலில் எந்த இடம் என்று காட்டும் எண் இருக்கட்டும். அத்தியாயம் முடிந்ததும் ஒரு சிறிய நோட்டில் கையால் இரண்டு வரி எழுதுங்கள்: யார், எங்கே, என்ன ஆயிற்று. கருவியில் அடிக்கோடிடுவதைவிட இது நன்றாக நிற்கும். அடிக்கோடிட்ட வரிகள் வீணாகாது. அவை கருவிக்குள் ஒரே உரைக்கோப்பில் சேர்ந்துகொண்டே போகும், கேபிள் மாட்டிக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நூலாக ஏற்கனவே பலமுறை படித்த, பிடித்த நாவலை எடுங்கள். கதை தெரிந்திருப்பதால் மனம் வழி தவறாது, கை மட்டும் புதிய பழக்கத்தைக் கற்கும். அடுத்து வேகமாக ஓடும் கதை. கனமான கட்டுரை நூல்களுக்கு மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வாருங்கள். தினமும் நீங்கள் வழக்கமாகப் புத்தகம் எடுக்கும் அதே நேரம், அதே நாற்காலி. நடுவில் கருவி பிடிக்காமல் போனால் அச்சுப் பிரதியை எடுத்து முடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

எல்லா நூலும் மின்னூலுக்கு ஒத்துவராது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கவிதையை அச்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் அடி உடைந்து அடுத்த வரியில் தொங்கும்போது சீரும் தளையும் கண்ணுக்குத் தப்பிவிடும், தமிழ் நடத்தியவருக்கு அது உறுத்தாமல் இருக்காது. உரையோடு கூடிய செய்யுள் நூல்கள், நிகண்டு, அகராதி, வரைபடமும் படமும் நிறைந்தவை, பின்குறிப்பு மலிந்த ஆய்வு நூல்கள் ஆகியவற்றுக்கும் இதுவே. முன்னும் பின்னும் புரட்ட வேண்டிய வாசிப்பில் தாளுக்கு ஈடில்லை. கருவிக்குப் பொருத்தமானவை ஆயிரம் பக்க நாவல்கள். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் புத்தகத்தைப் படுத்தபடி தூக்கிப் பிடிப்பதைவிட 160 முதல் 210 கிராம் கருவி மணிக்கட்டுக்கு நல்லது. சென்னைக்கு ரயிலேறும்போது நான்கு நூல் வேண்டுமா ஐந்து வேண்டுமா என்ற கணக்கும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் பலரைப் போல மலையாளமும் படிப்பீர்கள் என்றால், திருவனந்தபுரத்து சாயாஹ்ன அமைப்பு இலவசமாக வெளியிடும் மலையாள நூல்களையும் பாருங்கள்.

எங்கும் மறுபதிப்பு வராத, உங்களிடம் மட்டும் இருக்கக்கூடிய பழைய நூல்களை நீங்களே மொபைலில் ஸ்கேன் செய்து வைக்கலாம். பக்கவாட்டுச் சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒரு பக்கத்துக்கு ஒரு படம். மழை மாதங்களில் தாள் நெளிந்திருக்கும், வரி வளைந்து விழும். மாசி, பங்குனி வெயிலில் எடுத்தால் தாள் தட்டையாகக் கிடக்கும். முதுகை அழுத்தி விரிக்காதீர்கள், பழைய பசை பட்டென்று விட்டுவிடும். படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்தைப் படித்துத் தரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றில் அடிக்கடி தடுமாறும், மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். சொந்தப் படிப்புக்கு எடுத்ததை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடாதீர்கள்.

கருவியைப் பேணுவதில் நம் மாவட்டத்துக்கென்று சில உண்டு. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று சார்ஜ் துளையின் உலோகத்தை அரிக்கும். ஈரக் கையோடு கேபிள் மாட்ட வேண்டாம், சார்ஜ் ஏறாவிட்டால் முதலில் துளையை உலர்ந்த மென்தூரிகையால் துடையுங்கள். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. திரைக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. சந்தைப் பையில் தேங்காயோடு போட்டால் உள்ளுக்குள் விரிசல் விட்டுக் கோடுகள் நிரந்தரமாக நிற்கும், பழுதுபார்க்கும் செலவு புதுக் கருவியை நெருங்கும். கெட்டி அட்டைக் கவர் கட்டாயம். பேட்டரி வாரக்கணக்கில் வரும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்த பிறகு மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் சார்ஜ் நிறைத்து, தேவையான நூல்களை இறக்கியே வைத்திருங்கள்.

கடைசியாக உங்கள் அலமாரிகள். இப்போது எதையும் கொடுக்காதீர்கள். ஒரு முழு ஆண்டு இரண்டும் இருக்கட்டும். பூஞ்சைக்கு முதல் மருந்து இடம்: மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலிருந்து அலமாரியை ஒரு சாண் தள்ளி வையுங்கள், நூல்களை நெருக்கி அடுக்காதீர்கள், வெயிலடிக்கும் நாளில் கதவைத் திறந்து விடுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையைத் தடுக்காது. இராமபாணப் பூச்சி பசையிலுள்ள மாவுச்சத்துக்கு வரும், சிதல் தரையிலிருந்து ஏறும், அடித்தட்டைத் தரையோடு ஒட்டவிடாதீர்கள். ஆண்டு முடிவில், மின்பதிப்பு எளிதாகக் கிடைக்கும், நீங்கள் குறிப்பெழுதாத, கையெழுத்து வாங்காத நாவல்களை மட்டும் பிரித்தெடுங்கள். கொடுக்குமுன் நூலகரிடம் பட்டியலைக் காட்டி, எவை அலமாரிக்குப் போகும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஒரு பிரதிகூட வெளியே போகுமுன் இதையும் அறிந்துகொள்ளுங்கள். விலைக்கு வாங்கிய மின்னூல் உங்கள் உடைமை அல்ல, படிக்கும் அனுமதி. இரவல் தரவோ விற்கவோ முடியாது. 2009இல் உரிமைச் சிக்கல் வந்தபோது விற்ற இரண்டு ஆங்கில நாவல்களை அமேசான் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அகற்றியது. 2025 பிப்ரவரியிலிருந்து, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிட்டது. ஆகவே இலவசமாகவும் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாமலும் கிடைக்கும் ஈபப் கோப்புகளை ஒரு பென்டிரைவிலும் மகளின் கணினியிலும் தனித்தனியாக வைத்திருங்கள். அமேசான் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.